சூனியக்காரி கேரக்டர் வெறும் ஹெக்ஸ் மெஷினாகிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

வைகைமணல்:

வணக்கம் மக்களே. மதுரை எல்லீஸ் நகர்ப் பக்கம் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு சாயங்காலம் கூடி டிஅண்ட்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து டைஸ் உருட்டி ஆடுகிற ஆட்டம்) ஆடுகிறோம், கதையை நடத்துகிற டிஎம் நான்தான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ரூல்ஸ். எல்லோரும் நாலாம் லெவல். உலகம் நானே கட்டியது. வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற ஓர் ஆறு, கரையில் ஒரு பழைய கோட்டை ஊர், சுற்றிலும் மிருகம் படுத்துக் கிடக்கிற மாதிரி மொட்டைப் பாறை மலைகள். எங்கிருந்து சுட்டேன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிரச்சினை என் அத்தை மகளால் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் நன்றாக ஆடுகிறாள், அதனால்தான் பிரச்சினையே. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள், "நான் சூனியக்காரியா வர்றேன்" என்றாள். ரூல்ஸ் புத்தகத்தில் அப்படி ஒரு கிளாஸ், அதாவது கேரக்டர் வகை, இல்லை, அதனால் மந்திரம் போடுகிற வார்லாக்கை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். படம் வரைகிற நண்பன் ஒருவன் கூம்புத் தொப்பி, கறுப்பு அங்கி, துடைப்பம், பூனை எல்லாம் போட்டு அழகாக வரைந்தும் கொடுத்தான். முதல் செஷனிலேயே ஃபைட்டர் ஆடுகிறவன் கேட்டான்: "இந்த வெயில்ல கறுப்பு அங்கி போட்டு எப்படிம்மா நடக்குற? உள்ள வெந்துற மாட்ட?" எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், ஆனால் அந்தக் கேரக்டர் அன்றைக்கே செத்துப்போனது என்று நினைக்கிறேன்.

இப்போது நிலைமை என்னவென்றால், சண்டை வந்தால் "ஹெக்ஸ் வைக்கிறேன், எல்ட்ரிச் பிளாஸ்ட் அடிக்கிறேன்" (முதலாவது எதிரி மேல் வைக்கிற சாபம், அடுத்தது தூரத்திலிருந்து அடிக்கிற மந்திரம்), அடுத்த ரவுண்டில் "அடிக்கிறேன்", அதற்கடுத்த ரவுண்டிலும் "அடிக்கிறேன்". வில்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ரேஞ்சருக்கும் இவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. போதாததற்குப் போன மாதம் என் பெரிய வில்லன் மேல் ஹெக்ஸ் வைத்தாள். அவனுடைய சேவிங் த்ரோ (வருகிற ஆபத்திலிருந்து தப்ப உருட்டுகிற டைஸ்) எல்லாவற்றையும் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) போடும்படி ஆகி, இரண்டு வாரம் யோசித்து வைத்த சண்டை மூன்றே ரவுண்டில் முடிந்துவிட்டது. சண்டை இல்லாத நேரத்தில் அவளுக்கு வேலையே இல்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன மாதிரி ஆள்தான் உனக்கு வேண்டும் என்று கேட்டேன். "கெட்டவளா இருக்கக் கூடாது, அதுக்காகச் சாமி மாதிரி நல்லவளாவும் வேண்டாம். ஊர்ல எல்லாருக்கும் அவகிட்ட ஒரு வேலை இருக்கணும், ஆனா எவனும் அதை வெளிய சொல்லக் கூடாது" என்றாள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. இதைக் கேரக்டர் ஷீட்டில் எப்படி எழுதுவது?

இன்னொன்று. நாங்கள் ஆடுவது ஒரு நண்பன் வீட்டில். அவன் அம்மாவுக்கு அடுப்படியில் "சூனியம்", "சாபம்", "ஆவி" என்று வரிசையாகக் காதில் விழ, வந்து ஒரு சத்தம் போட்டார்: "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள என்னடா பேச்சு இது!" அதிலிருந்து மொட்டைமாடியில்தான் ஆட்டம். பக்கத்து வீட்டு ஓட்டில் உருண்டு விழுந்து இதுவரை இரண்டு டி20 (இருபது முக டைஸ்) போய்விட்டன. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.


செல்லூர் டி20:

முதலில் ரூல்ஸ். தம்பி, உன் வில்லன் செத்தது சூனியத்தால் இல்லை, நீ புத்தகத்தைச் சரியாகப் படிக்காததால். ஹெக்ஸ் சேவிங் த்ரோவைத் தொடவே தொடாது. அவன் மேல் உன் அடி விழும்போதெல்லாம் கூடுதலாக ஒரு டி6 சேதம், அப்புறம் நீ தேர்ந்தெடுத்த ஒரு திறனில் அவன் போடுகிற எபிலிட்டி செக் (ஒரு வேலை முடிகிறதா என்று உருட்டுவது) மட்டும் டிஸ்அட்வான்டேஜ். அவ்வளவுதான். வலிமையைத் தேர்ந்தெடுத்தால் ஃபைட்டரின் பிடியை முண்டி உதற அவனுக்குக் கஷ்டம், ஞானத்தைத் தேர்ந்தெடுத்தால் திருடன் பதுங்கி வருவது அவன் கண்ணில் படுவது கஷ்டம். எந்த டேபிளிலும் யாராவது ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருப்பார். நானும் செய்திருக்கிறேன், எத்தனை மாதம் செய்தேன் என்பதைச் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள விரும்பவில்லை.

"அடிக்கிறேன், அடிக்கிறேன்" என்பதும் அந்தப் பெண்ணின் குற்றம் இல்லை. நாலாம் லெவல் வார்லாக்குக்கு இருப்பதே இரண்டு ஸ்பெல் ஸ்லாட், அதாவது பெரிய மந்திரம் போட இரண்டே வாய்ப்பு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்பிவிடும், அந்த கிளாஸின் உயிரே அதில்தான் இருக்கிறது. நீ ரெஸ்ட் எடுக்க விடுகிறாயா? ஒரு சண்டை முடிந்ததும் கதவை உடைத்துக்கொண்டு அடுத்த கூட்டம் வரும் என்றால், ஹெக்ஸுக்குப் போன ஸ்லாட் போக மிச்சம் ஒன்றை முந்தானையில் முடிந்து வைக்கத்தான் அவளுக்குத் தோன்றும்.

சூனியக்காரிக்கென்றே கிளாஸ் வேண்டுமானால் பாத்ஃபைண்டர் என்கிற இன்னொரு ஆட்டத்தில் 2010லேயே விட்ச் வந்துவிட்டது. அதில் திருடத் தகுந்த விஷயம் இரண்டு. அவளுடைய மந்திரம் எதுவும் ஏட்டில் இல்லை, அவள் வளர்க்கிற பிராணிக்குள் இருக்கிறது. பிராணியை எவனாவது தூக்கிக்கொண்டு போனால் இவள் மறுநாள் மந்திரம் தயார் செய்ய முடியாமல் உட்கார வேண்டியதுதான். அடுத்தது, பல ஹெக்ஸ்களை ஒரே ஆள் மேல் ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் வைக்க முடியாது. எவன் மேல் எதை எப்போது வைப்பது என்று யோசித்தாக வேண்டும்.

என் டேபிளில் நான் செய்தது: சூனியம் முழுசாகப் பிடிக்க வேண்டுமானால் எதிரியின் ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். தலைமுடி, காலடி மண், உடுத்திக் கழற்றிய துணி. எதுவும் இல்லாமலும் ஹெக்ஸ் வைக்கலாம், ஆனால் புத்தகத்தில் இருக்கிற பலன் மட்டும்தான். பொருள் இருந்தால் தூரக் கணக்கு கிடையாது, அவன் அடுத்த ஊரில் படுத்திருந்தாலும் பிடிக்கும், ஒரு ராத்திரி முழுக்க நிற்கும், நீ அநியாயமாக இலவசமாகக் கொடுத்தாயே அந்த சேவிங் த்ரோ டிஸ்அட்வான்டேஜ், அது ஒரே ஒரு தடவை கிடைக்கும். அதோடு பொருள் எரிந்து சாம்பல். 2012இல் வந்த மான்ஸ்டர்ஹார்ட்ஸ் ஆட்டத்தில் விட்ச்சும் இப்படித்தான், மற்றவர்களின் பொருளைச் சேர்த்து வைத்துத்தான் ஹெக்ஸ் போடுவாள், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இதனால் சண்டைக்கு இரண்டு நாள் முன்னாலேயே அவளுக்கு வேலை தொடங்கிவிடும். வில்லன் எங்கே முடி வெட்டிக்கொள்கிறான், அவன் துணியை யார் வெளுக்கிறார்கள், திருடன் ஆடுகிறவனை அனுப்பலாமா, அவன் பாதி விலை கேட்கிறானே... செல்போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

பூனையை விட்டுத்தள்ளு. பிராணியை வரவழைக்கிற ஃபைண்ட் ஃபெமிலியர் ஸ்பெல்லில் எடுக்கக்கூடிய பிராணிகளில் லிசர்டும் இருக்கிறது. பல்லியாக வைத்துக்கொள், நம்மூரில் பல்லி சொன்னால் நின்று கேட்காத ஆள் உண்டா? பாக்ட் ஆஃப் தி செயின் என்கிற தேர்வை எடுத்திருந்தால் வார்லாக்குக்கே அந்த ஸ்பெல் வரும். அதற்கு என்ன பொருள் தேவை தெரியுமா? பத்துப் பொன் மதிப்புக்குக் கரி, வாசனைத் தூபம், மூலிகை, பித்தளைப் பாத்திரத்துத் தணலில் போட்டு எரிக்க வேண்டும். அதாவது தூபக்காலில் சாம்பிராணி. அமெரிக்காக்காரன் எழுதினது, நம்ம வீட்டு வெள்ளிக்கிழமை.


யானைமலை அடிவாரம்:

செல்லூர்த் தம்பி சொன்ன காலடி மண் நல்ல யோசனை, ஆனால் பாதிதான். வைக்கிறதைப் பற்றியே பேசுகிறீர்கள், எடுக்கிறதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் செய்வினை வைத்த ஆளை எவரும் கண்ணால் பார்த்ததில்லை, எடுக்கிற ஆளைத்தான் எல்லோருக்கும் தெரியும். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கி, வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவர், திருநீறு மந்திரித்துக் கொடுக்கிறவர், பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடிக்கிற கிழவி. இவர்களில் யாரும் சூனியக்காரர் என்று பலகை மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் டீக்கடையில் ஒருத்தன் "எடுக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டால் போதும். உன் அத்தை மகள் கேட்கிற ஆள் அந்தக் கேள்விக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு முறிவு எழுது. அந்த முறிவு சாதாரண ஆள் கைக்கு எட்டுகிற பொருளாக இருக்கட்டும். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு கதை தெரியும்தானே. பல பாடங்கள் உண்டு, எங்கள் அப்பத்தா சொன்னது இது: மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துகொண்டு போக வந்தார்கள், கண்ணில் மை போட்டிருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பட்டருக்குச் சந்தேகம் வந்தது. மிளகைத் தட்டிப் போட்டுச் சுடச்சுடப் பொங்கல் வைத்து எடுத்து வந்தார், வாசனைக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஆவியிலும் காரத்திலும் கண்ணில் நீர் வழிந்தது, மை கரைந்தது, ஆள் தெரிந்துபோனது. பிடித்துப் படிக்கு ஒருவராகப் பதினெட்டுப் படிக்குள் வைத்துவிட்டார்கள். கூட வந்த கருப்பு அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கே உருவம் கிடையாது, சாத்திய கதவும் அதில் அப்பிய சந்தனமும்தான்.

இந்தக் கதையில் கண்ணுக்கு மறைகிற மந்திரம் ஒன்று அப்படியே தயாராக இருக்கிறது. போடுவது மை, இருப்பது கண், போவது கண்ணீரில். புத்தகத்து இன்விசிபிலிட்டியில் இந்த ருசி கிடையாது. உன் அத்தை மகள் மை போட்டுக்கொண்டு கோட்டைக்குள் நுழையட்டும், மடைப்பள்ளியில் ஒரு சமையல்காரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கட்டும்.

வார்லாக்குக்குச் சக்தி கொடுக்கிற பேட்ரன் விஷயமும் நம்மிடம் வேறு மாதிரி. ஆன்மாவை விற்று ஒப்பந்தம் போடுவதெல்லாம் நமக்கு ஒட்டாது, நம்முடையது நேர்த்திக்கடன். "பிள்ளை பிழைத்தால் கிடாய் வெட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டு அடுத்த வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போமே, அந்த உறவு. சாமி ஒன்றும் வில்லன் இல்லை, ஆனால் கடன் கடன்தான், கனவில் வந்து கேட்கும். ஷீட்டில் "கடன்" என்று ஒரு வரி போடு, மூன்றுக்கு மேல் ஏறினால் ஒரு ஸ்லாட் திரும்பாது. நிஜக் கருப்பை மட்டும் ஆட்டத்துக்குள் இழுக்காதே, அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய நடுங்குகிற ஊர் இது. கற்பனையாக ஓர் எல்லைச்சாமியை வைத்துக்கொள்.

குறி கேட்பதற்கும் ஒன்று சொல்கிறேன். சங்க இலக்கியத்தில் கட்டுவிச்சி வருவாள். மகள் மெலிந்துபோகிறாள் என்று தாய் கூப்பிடுவாள், இவள் முறத்தில் நெல்லைப் பரப்பி நாலு நாலாக எண்ணிக் கழிப்பாள். மிச்சம் ஒன்று, இரண்டு, மூன்று என்றால் முருகன் பிடித்திருக்கிறான், நாலு என்றால் வேறு நோய் என்று உரைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். யோசித்துப் பார், அது ஒரு டி4. நாலில் மூன்று பங்கு முருகன் தலையில் விழுகிற மாதிரி வைத்த டைஸ்! பெண்ணுக்கோ காதல், அது யாருக்கும் தெரியாது, தோழியைத் தவிர. குறி சொல்கிற மந்திரம் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த டைஸாக இருக்கட்டும், சாய்வு எந்தப் பக்கம் என்று உனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியட்டும்.


ஜிகர்தண்டா:

எல்லோரும் ரொம்ப யோசிக்கிறீர்கள் மாப்ள. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கூடி டைஸ் உருட்டுவதற்கு அப்பத்தா கதை, நெல், முறம், உரைக்காரர்! ஃபேன்டசி என்றால் ஃபேன்டசி. தொப்பி வேண்டுமானால் தொப்பி வைத்துக்கொள்ளட்டும், வெயிலுக்கு நல்லதுதான். ஐந்தாம் லெவல் வந்ததும் ஃபீண்ட் (பிசாசு) பேட்ரனாக இருந்தால் ஃபயர்பால் கிடைக்கும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு. எதிர்ப்பக்கம் ஹேக் எனும் சூனியக் கிழவிகள் மூவரை வை, மூவரும் முப்பது அடிக்குள் நின்றால்தான் கோவன் (கூட்டு) மந்திரங்கள் வேலை செய்யும், ஒருத்தியைத் தள்ளி இழுத்துவிட்டால் மற்ற இருவரும் தடுமாறுவார்கள், அருமையான சண்டை. கண்ணகி ஊரையே கொளுத்தின ஊரில் உட்கார்ந்துகொண்டு மிளகுப் பொங்கல் பற்றிப் பேசுகிறீர்களே.


யானைமலை அடிவாரம்:

ஜிகர்தண்டா, கண்ணகி பெயரை நீ எடுத்ததால் சொல்கிறேன். அந்தத் தீயைப் புத்தகத்து ஃபயர்பால் மாதிரி உருண்டையாக அவள் எறியவில்லை. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று நெருப்புக்கே விதி போட்டாள். தன் உடம்பைத் திருகி எறிந்து போட்ட சாபம். கையில் இருந்தது ஒரு சிலம்பு, அதையும் உடைத்தாகிவிட்டது, புருஷன் இல்லை, அதற்கப்புறம் பதினாலு நாள்தான் அவளுக்கு இந்த மண்ணில். லெவல் ஏறினால் கிடைக்கிற ஸ்பெல் இல்லை அது, ஒரு கேம்பெயினில், அதாவது முழுக் கதையில், ஒரே ஒரு தடவை, கேரக்டர் ஷீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போடுகிற ஸ்பெல். ஹேக் கிழவிகள் யோசனை நல்லது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.


கீழக்குயில்குடி அக்கா:

தம்பிகளா, இதுவரை எல்லோரும் சூனியக்காரி என்ன செய்வாள் என்று பேசினீர்கள். அவளை யார் சூனியக்காரி ஆக்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி இருந்தார். ராத்திரியில் பிள்ளை வீறிட்டு அழுதால் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவார்கள், வேப்பிலை அடித்து நெற்றியில் திருநீறு பூசி, கொஞ்சம் ஓமத் தண்ணீரும் கொடுத்து அனுப்புவார். காசு வாங்க மாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும். மறுநாள் காலையில் அதே வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது அந்தப் பாட்டி எதிரே வந்தால், திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அந்தத் தெருவில் எருமை செத்தாலும் பேச்சு அவர் பக்கம்தான் போகும். அவர் பெயரில் கிணற்றோடு அரை ஏக்கர் இருந்தது, பிள்ளை கிடையாது. இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

வெளியூர்க் கதையும் அதுதான். 1692இல் அமெரிக்காவில் சேலத்தில் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றியே கொன்றார்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை, நம் ஆட்டங்களில்தான் எப்போதும் எரிக்கிறோம். நம் நாட்டில் பீகாரில் 1999லும் ஜார்க்கண்டில் 2001லும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கவே சட்டம் போட வேண்டி வந்தது. உங்கள் டேபிளில் இதைப் பாடமாக நடத்த வேண்டாம், ஆனால் டிஎம்முக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மலைகளைப் பற்றியும் ஒன்று. யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றுமே மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிவிட்ட மிருகங்கள், சொக்கநாதர் அருளால் கல்லாகிப்போயின என்று புராணம். நான் இருக்கிற கீழக்குயில்குடியில் சமணர் மலையில் ஏறிப் பாருங்கள், பாறையில் தீர்த்தங்கரர்கள் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். யானைமலையிலும் அவர்கள் சிற்பம் இருக்கிறது. தோற்றுப்போனவர்களை மந்திரவாதி என்று எழுதுவது ஜெயித்தவர்களுக்குச் சுலபம். தம்பி உன் உலகத்திலும் படுத்துக் கிடக்கிற மலைகள் இருக்கின்றன என்றாயே, அந்த மிருகங்களை ஏவினது யார் என்பதற்கு ஊரில் ஒரு கதை இருக்கட்டும், மலைக்குகைக்குள் வேறு ஒரு கதை இருக்கட்டும். உன் அத்தை மகளின் குருபரம்பரை அந்தக் குகைக்காரர்களாக இருக்கலாம்.

ஷீட்டில் எழுத வேண்டியது, என் கணக்கில், இரண்டு எண். ஒன்று நம்பிக்கை, இன்னொன்று பயம். ஊரில் யாருக்காவது அவள் ஒரு வேலை செய்து கொடுத்து அது பலித்தால் இரண்டும் ஒன்று ஒன்று ஏற வேண்டும், அதுதான் முக்கியம், நல்லது செய்தாலும் பயம் ஏறும். நம்பிக்கையைச் செலவழித்து உதவி கேட்கலாம்: ஒளிந்துகொள்ள இடம், ஒரு செய்தி, பின்வாசல் சாவி. பயம் ஐந்தைத் தொட்டால் ஊரில் அடுத்து நடக்கிற எந்தக் கெட்டதும் அவள் கணக்கில் ஏறும், அவள் செய்தாளா இல்லையா என்பது யாருக்கும் தேவையில்லை. பயத்தை இறக்க ஒரே வழி, பகலில், ஊர் பார்க்க, அவளிடம் உதவி வாங்கின ஒருவர் அவள் வீட்டு முன்வாசல் வழியாகப் போக வேண்டும். அதற்கு ஆள் பிடிப்பது எந்தச் சண்டையைவிடவும் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, குறத்தி, கோடாங்கி என்று நிஜத்தில் இருக்கிற சாதிக்காரர், தொழில்காரர் பெயரை அப்படியே சூனியக்காரிக்கு வைக்காதே. உன் டேபிளில் யார் வீட்டுத் தாத்தா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது.


வைகைமணல்:

எல்லோருக்கும் கும்பிடு. நேற்று ஆடிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஹெக்ஸ் ரூல் தப்பை முதலிலேயே ஒத்துக்கொண்டேன். ஃபைட்டர்காரன் வில்லனை உயிரோடு திருப்பித் தரச் சொன்னான், முடியாது என்றுவிட்டேன். அத்தை மகள் ஷீட்டில் கடன், நம்பிக்கை, பயம் மூன்றும் ஏறிவிட்டன. அங்கி போய்க் கண்டாங்கி வந்தது, பூனை போய்ப் பல்லி வந்தது. பல்லிக்குப் பெயர் கவுளி. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற துறைக்கு மேலே அவள் குடிசை, தண்ணீருக்கு வருகிற சாக்கில் யார் வேண்டுமானாலும் அவளிடம் வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இது அவளே சொன்னது, எனக்குத் தோன்றவில்லை.

ஊர்த் தலைவர் ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகம். அவர் வாயைத் திறக்க வைக்க ராத்திரி முழுக்க நிற்கிற ஹெக்ஸ் வேண்டும், அதற்குக் காலடி மண் வேண்டும். திருடன் போனான், டைஸில் நாலு விழுந்தது. அவன் அள்ளிக்கொண்டு வந்தது தலைவரின் காலடி இல்லை, தலைவர் செருப்பு போட்டு நடக்கிறவர் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. அது வாசலில் காவலுக்குப் படுக்கிற கிழவர் ஒருவரின் காலடி. ராத்திரி முழுக்க அந்த மனுஷன் யாரிடமும் கேட்காமலே தான் செய்த தப்பையெல்லாம் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், முப்பது வருஷத்துக்கு முன்னால் திருடின கோழி வரை. தலைவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கிழவருக்குக் காய்ச்சல். அத்தை மகள் தானே போய் எடுத்துவிட முடிவு செய்தாள், பயம் ஏறும் என்று தெரிந்தும். முறிவு என்னவென்று அவளையே சொல்லச் சொன்னேன், அந்தக் கிழவர் நடந்த மண்ணிலேயே பொங்கல் வைத்து அவருக்கே ஊட்ட வேண்டும் என்றாள், மிளகு தட்டிப் போட்டு. பலித்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை, அப்புறம் அங்கியைக் கிண்டல் செய்தானே அந்த ஃபைட்டர்காரன், அவன் கேரக்டரும் அதே ஊர்க்காரன்தான், மெதுவாகக் கேட்டான்: "எடுக்கத் தெரிஞ்சவளுக்கு வைக்கத் தெரியாதா?" இந்த இழையை அவன் படிக்கவே இல்லை, சத்தியமாக. அத்தை மகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், பயம் நாலு என்று எழுதிக்கொண்டாள்.

நண்பனின் அம்மா டீ கொண்டுவந்தவர் பொங்கல் கட்டம் முழுக்க நின்று கேட்டார். போகும்போது, "காலடி மண்ணு எடுக்குறவன் திரும்பிப் பாக்காம வரணும், உங்க ஆளு பாத்துருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரும் வாரம் விளக்கு வைத்து முடித்த பிறகு கீழே கூடத்திலேயே உட்காரலாம் என்று அனுமதியும் கிடைத்திருக்கிறது, ஜமுக்காளம் விரித்து ஆட வேண்டும், சத்தம் கூடாது.

அடுத்த ஞாயிறு ஊர்க்கூட்டம். அதற்குள் யாராவது பல்லி எங்கே விழுந்தால், எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று இருபது வரியில் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். டி20 ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, அதை உருட்டிப் பார்க்கலாம்.


யானைமலை அடிவாரம்:

உங்கள் வீட்டு நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார் தம்பி.